நாயின் தீனும் நமது தானியமும்

கமக்காரரின் வீட்டில் நாய் அழகுக்காக மட்டும் வளர்க்கப்படுவதன்று. கதிர் முற்றும் காலத்திற் காட்டுப்பன்றியின் வரவை முதலில் அறிவிப்பது அதுவே. சேனைக் காவற் குடிலின் கீழ் இராமுழுதும் செவி சாய்த்திருப்பதும் அதுவே. பூனையோ நெல் மூடைகளை எலியினின்றுங் காக்கின்றது. முற்காலத்தில் இவற்றுக்கு வீட்டுச் சோறும் மீனின் கழிவுமே உணவாயிருந்தன. இப்பொழுது பொதி செய்யப்பட்ட நாய்த்தீனும் பூனைத்தீனும் பட்டினத்துக் கடைகளில் மட்டுமன்றிக் கிராமத்துக் கடைகளிலும் விற்கப்படுகின்றன.

பொதித் தீனை வாங்குவோர் மனத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பொதியின்மேல் நல்ல படம் அச்சிடப்பட்டிருக்கின்றது. உள்ளே இருப்பது எதனால் ஆக்கப்பட்டது என்பதைக் கண்ணாற் கண்டறிய இயலாது. உண்ணும் விலங்கோ வாய்திறந்து முறையிட மாட்டாது. இவ்வையம் வீணானதன்று என்பதை உலகில் நிகழ்ந்த பல சம்பவங்கள் காட்டியுள்ளன. அவற்றை ஆராயுமிடத்து, தீனின் குற்றம் பெரும்பாலும் தொழிற்சாலையிலே தொடங்குவதன்று என்பதும், தானியம் விளைந்த நிலத்திலும் அது காய்ந்த களத்திலுமே தொடங்குகின்றது என்பதும் புலனாகும். ஆகவே இத்துண்டுப் பிரசுரம் தீன் வாங்குவோருக்கும் தானியம் விளைவிப்போருக்கும் ஒருங்கே எழுதப்படுகின்றது. நம் நாட்டில் அவ்விருவரும் பெரும்பாலும் ஒருவரே.

பொதியினுள் இருப்பது யாது?

உலர்ந்த நாய்த்தீனின் பெரும்பகுதி தானியமாகும். சோளம், கோதுமை, குறுணல் அரிசி, தவிடு ஆகியவற்றோடு, எண்ணெய் பிழிந்த பின் எஞ்சும் பிண்ணாக்கு வகைகளும், இறைச்சி மீன் ஆகியவற்றின் கழிவிலிருந்து பெறும் மாவும், கொழுப்பும், உயிர்ச்சத்துக்களுஞ் சேர்க்கப்படுகின்றன. இவை யாவும் அரைத்துக் குழைத்து, நீராவியாலும் அமுக்கத்தாலும் வேகவைக்கப்பட்டுச் சிறு உருண்டைகளாகப் பிழியப்படுகின்றன. கோழித்தீனுக்கும் மாட்டுத்தீனுக்குஞ் செல்லும் அதே மூலப்பொருள்களே பெரும்பாலும் நாய்த்தீனுக்குஞ் செல்கின்றன. நம் நாட்டில் அனுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை முதலிய மாவட்டங்களில் விளையும் சோளத்திற் பெரும்பங்கு விலங்குத் தீனுக்கே பயன்படுகின்றது.

மனிதன் ஒரு நாளிற் பலவகை உணவை உண்கிறான். ஒன்றில் நஞ்சு சிறிது இருப்பினும் மற்றவை அதன் அளவைக் குறைத்துவிடும். வீட்டு நாயோ ஒரே பொதியிலிருந்து ஒரே தீனைக் காலையும் மாலையும் வாரக்கணக்கில் உண்கின்றது. எனவே அப்பொதியிற் குற்றம் இருப்பின் அது முழுமையாக அந்த ஒரு விலங்கின் உடலையே சேர்கின்றது. பொதித் தீனிற் சிறு குற்றமும் பெருங்கேடாக முடிவதற்கு இதுவே காரணம்.

முதலாவது கேடு: பூஞ்சண நஞ்சு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுள் மாண்டன. காரணம் விளங்காமையால் அதனை வான்கோழியின் ‘எக்ஸ்’ நோய் என்று அழைத்தனர். பின்னர் ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து தருவிக்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கே நோயைத் தந்தது என்றும், அப்பிண்ணாக்கில் வளர்ந்த அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் ஒரு நஞ்சைச் சுரந்துள்ளது என்றும் அறிந்தனர். அந்நஞ்சுக்கு அப்பூஞ்சணத்தின் பெயரைக் கொண்டே அஃப்ளாடொக்சின் என்று பெயரிடப்பட்டது.

இங்கிலாந்தில் வான்கோழிகள் மடிவதற்கு முன்னரே, 1950களில், ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நாய்கள் ஈரல் கெட்டு இறந்தன. பூஞ்சணம் பிடித்த பொதித் தீனோடு அந்நோய் தொடர்புடையது என்பது அப்போதே காணப்பட்டது. அதனை விளைத்ததும் இதே நஞ்சே என்பது பின்னர் உறுதியாயிற்று.

அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அக்கேடு ஒழியவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் தென் கரோலைனா மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆக்கப்பட்ட நாய்த்தீனில் அஃப்ளாடொக்சின் காணப்பட்டு, அத்தீன் சந்தையினின்றும் மீளப் பெறப்பட்டது. அதனை உண்ட நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன எனக் கணக்கிடப்பட்டது. நஞ்சு சோளத்தின் வழியாகப் புகுந்திருந்தது. 2020 டிசம்பரில் ஒக்லஹோமா மாநிலத்தில் ஆக்கப்பட்ட வேறொரு தீனும் இதே காரணத்தால் மீளப் பெறப்பட்டது. 2021 ஜனவரியில், அதனோடு தொடர்புடையனவாக 110க்கு மேற்பட்ட நாய்களின் இறப்பும் 210க்கு மேற்பட்டவற்றின் நோயும் அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தன.

இந்நஞ்சைப் பற்றிக் கமக்காரர் அறியவேண்டிய செய்திகள் மூன்று.

ஒன்று: மிகச் சிறிய அளவே கேடு செய்யும். ஐக்கிய அமெரிக்காவில் நாய்த்தீனுக்கு விதிக்கப்பட்டுள்ள எல்லை ஒரு கிலோகிராமுக்கு 20 மைக்கிரோகிராம் ஆகும். 50 கிலோகிராம் நிறையுள்ள 1,000 மூடைகளில் மொத்தமாக ஒரே ஒரு கிராம் நஞ்சு பரவியிருந்தால் அவ்வெல்லை எட்டப்பட்டுவிடும்.

இரண்டு: சமைத்தலால் இது அழியாது. வேகவைத்தலாற் பூஞ்சணம் மாளும். அது சுரந்த நஞ்சு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். ஆதலாற் பூஞ்சணம் கண்ணுக்குத் தென்படாத தீனிலும் நஞ்சு இருத்தல் கூடும்.

மூன்று: இது எங்கும் ஒரே சீராகப் பரந்திராது. ஒரு மூடையில் ஒரு பிடி மணி மட்டும் நஞ்சேறியிருக்க, ஏனையவை தூயனவாயிருக்கலாம். சோதனைக்கு எடுக்கும் மாதிரி தூய பக்கத்திலிருந்து வந்துவிட்டாற் குற்றம் மறைந்துபோகும். எனவே தொழிற்சாலையிற் சோதனை உண்டு என்பதை மட்டும் நம்பிக் களத்திற் கவலையீனமாக இருத்தல் தகாது.

இரண்டாவது கேடு: கலப்படம்

2007 மார்ச்சு மாதத்தில் வட அமெரிக்காவிலே நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு நோயுறத் தொடங்கின. மெனு பூட்ஸ் என்னும் கனேடிய நிறுவனம் ஆறு கோடிக்கு மேற்பட்ட தகரப்பேணிகளையும் பைகளையும் மீளப் பெற வேண்டியதாயிற்று. அவை ஏறத்தாழ நூறு வெவ்வேறு வியாபாரப் பெயர்களில் விற்கப்பட்டவை. விலையுயர்ந்த தீன் வாங்கியவரும் மலிந்த தீன் வாங்கியவரும் ஒரே கேட்டுக்கு ஆளாயினர். ஏனெனிற் பெயர்கள் பலவாயினும் உள்ளே சேர்ந்த மூலப்பொருள் ஒன்றாகவே இருந்தது.

அம்மூலப்பொருள் சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் வந்தது. உண்மையில் அது கோதுமை மாவோடு மெலமைன் கலந்த பொருள். மெலமைன் என்பது கோப்பைகளும் தட்டுக்களும் செய்யும் பிசின்களுக்குப் பயன்படுவது, யூரியாவிலிருந்து ஆக்கப்படுவது. உணவிலே அதற்கு எவ்வித இடமும் இல்லை.

உணவுக்காகாத பொருளை ஏன் கலந்தனர் என்பதை யூரியா இடும் கமக்காரர் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மெலமைனில் நூற்றுக்கு 66 பங்கு உண்டு. புரதத்திலும் நைதரசன் உள்ளது. ஒரு பொருளிற் புரதம் எவ்வளவு என்று அறிய, 1883ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு யொஹான் கெல்டால் வகுத்த முறைப்படி, நைதரசனை அளந்து அதனை 6.25 ஆற் பெருக்குவர். இம்முறை நைதரசன் எதிலிருந்து வந்தது என்று கேளாது. ஆகவே ஒரு கிலோகிராம் மெலமைன் நான்கு கிலோகிராமுக்கு மேற்பட்ட புரதமாகக் கணக்கில் ஏறிவிடும். மலிவான மாவைப் புரதத்தின் விலைக்கு விற்க இது வழியாயிற்று.

மெலமைனும் அதனோடு கலந்திருந்த சயனூரிக் அமிலமும் உடலினுட் கூடிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் மணல் போன்ற பளிங்குகளாகப் படிந்தன. குழாய்கள் அடைபட்டமையால் விலங்குகள் மாண்டன. இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2004இல், தாய்லாந்தில் ஆக்கப்பட்ட நாய்த்தீனை உண்டு ஆசிய நாடுகள் சிலவற்றில் ஆயிரக்கணக்கான நாய்கள் இவ்வாறே நோயுற்றன. அப்பொழுது பூஞ்சண நஞ்சே காரணம் என்று எண்ணினர். 2007க்குப் பின் பழைய மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தபோதே மெலமைனும் சயனூரிக் அமிலமுமே உண்மைக் காரணம் என்று தெரிந்தது. மாதிரி பேணி வைக்கப்பட்டிருந்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது என்பதை இங்கு மனங்கொள்க.

கேடு நாயோடும் பூனையோடும் நின்றுவிடவில்லை. தீன் தொழிற்சாலையின் கழிவு பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. மறு ஆண்டு, 2008இல், சீனாவிலே குழந்தைகளுக்கான பால்மாவில் அதே மெலமைன் அதே நோக்கத்துக்காகக் கலக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர்; ஆறு குழந்தைகள் இறந்தனர். முந்திய ஆண்டு நாயின் தட்டிற் காணப்பட்ட குற்றம் மறு ஆண்டு குழந்தையின் கிண்ணத்திற் காணப்பட்டது.

மூன்றாவது கேடு: கிருமி

உலர்ந்த தீனிலே சல்மனெல்லா என்னும் கிருமி உயிர்வாழ வல்லது. வேகவைத்த பின் மேலே பூசப்படும் கொழுப்பு, தூசி, பறவை எச்சம், எலி ஆகியவற்றால் அது தீனைச் சேரும். 2006 முதல் 2008 வரை ஐக்கிய அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றின் உலர்ந்த நாய்த்தீனால் 79 மனிதர் நோயுற்றனர். அவர்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் இரண்டு வயதுக்கு மேற்படாத குழந்தைகள். சமையலறையிலே நாய்க்குத் தீன் வைத்த வீடுகளில் இந்நோய் மிகுதியாக வந்தமையும் அறியப்பட்டது. தவழும் குழந்தை நாயின் தட்டைத் தொட்ட கையை வாயில் வைக்கும். நோய் பரவ அதுவே போதும்.

‘நமக்கு ஆகாதது நாய்க்கு ஆகும்’

கமக்காரரோடு பழகுமிடத்து இவ்வெண்ணத்தை நான் பலரிடங் கண்டுள்ளேன். மழையில் நனைந்து பச்சை படர்ந்த சோளம் வீட்டாருக்கு வேண்டாம் எனத் தள்ளப்படுகின்றது. ஆயினும் அது எறியப்படுவதில்லை. கோழிக்கு ஒரு பங்கும், மாட்டுக்கு ஒரு பங்கும், கஞ்சி காய்ச்சி நாய்க்கு ஒரு பங்கும் போகின்றன. எஞ்சியது குறைந்த விலைக்குத் தீன் வியாபாரிக்கு விற்கப்படுகின்றது. வறுமையும் சிக்கனமும் இதற்குக் காரணம் என்பதை யான் அறிவேன். ஒரு போகம் முழுதும் பாடுபட்டு விளைவித்ததைக் குழியிற் கொட்ட எவருக்கும் மனம் வாராது.

எனினும் இவ்வெண்ணம் தவறானது. நாயானது அஃப்ளாடொக்சினால் மிக எளிதில் தாக்கப்படும் விலங்கு. கோழிக்குக் கொடுத்தால் ஈரல் கெட்டு முட்டை குறையும், குஞ்சுகள் மாளும். கறவை மாட்டுக்குக் கொடுத்தால் நஞ்சின் ஒரு பங்கு வேறு உருவில் பாலில் இறங்கும். அப்பாலைக் குடிப்பவர் நம் பிள்ளைகளே. அந்நஞ்சு மனிதரின் ஈரலிற் புற்றுநோயை உண்டாக்குவது என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. 2004ஆம் ஆண்டிற் கென்யா நாட்டின் கிழக்குப் பகுதியில், ஈரத்தோடு வீடுகளிற் சேமித்த சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தனர். அவர்கள் உண்டது தங்கள் நிலத்திலே தாங்களே விளைவித்த சோளம். நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டில் இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு காணப்பட்டது. சரியாகக் காயாத கொப்பறாவிற் பூஞ்சணம் பிடித்தால் எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் நஞ்சு சேரும்.

ஆகவே நாய்த்தீன் தூயதாக இருக்க வேண்டும் என்று கோரும் நாம், தீனுக்கு விற்கும் தானியத்தையும் தூயதாக விற்றல் வேண்டும். மூடை நம் முற்றத்தைக் கடந்தபின் அது எந்த ஊரின் எந்தப் பொதியிற் சேர்கின்றது என்பதை எவரும் அறியார்.

களத்திலே செய்ய வேண்டியவை

பூஞ்சணத்துக்கு வேண்டியவை சூடும் ஈரமும். நமது நாட்டிற் சூட்டைக் குறைத்தல் நம் வசத்தில் இல்லை. ஈரத்தைக் குறைத்தல் நம் வசத்திலேயே உள்ளது.

பயிர் நிலத்தில் நிற்கும்போதே காவல் தொடங்க வேண்டும். மணி பிடிக்கும் காலத்தில் வரட்சியால் வாடிய சோளத்திலும் புழு துளைத்த பொத்தியிலும் பூஞ்சணம் எளிதிற் புகும். 2018 முதல் நம் நாட்டிற் பரவிய படைப்புழுவின் தாக்கம் கண்ட பொத்திகளை அறுவடையின்போதே வேறாக்குக. முற்றிய பொத்தியை மழையில் நிற்கவிடற்க.

வெறுந்தரையிற் பரப்பாது, சீமெந்துக் களத்திலோ பாயிலோ படங்கிலோ பரப்பிக் காய விடுக. மண்ணிலேயே பூஞ்சண வித்துக்கள் உள்ளன. மாலையிற் குவித்து மூடி, காலையில் மீண்டும் பரப்புக. நெல்லை நூற்றுக்கு 13 முதல் 14 பங்கு ஈரம் வரையும், சோளத்தை 13 பங்குக்கு மேற்படாமலும், உடைத்த நிலக்கடலைப் பருப்பை 8 பங்குக்கு மேற்படாமலும் காய வைத்தல் வேண்டும்.

ஈரமானி இல்லாதார் சோளத்துக்குப் பின்வரும் எளிய சோதனையைச் செய்யலாம். நன்கு காய்ந்த போத்தல் ஒன்றில் மூன்றிலொரு பங்கு சோள மணியும் இரண்டு மேசைக்கரண்டி வறண்ட உப்பும் இட்டு மூடி, சில நிமிடம் குலுக்கி வைக்க. உப்பு போத்தலின் பக்கத்தில் ஒட்டினால் மணியில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஈரம் உண்டு. மேலும் காய வைக்க வேண்டும். ஒட்டாவிடினும் ஒரு நாள் கூடுதலாகக் காய வைத்தல் நன்று.

மூடைகளைத் தரையில் வையாது மரத்தட்டின்மேல், சுவரை விட்டு விலக்கி அடுக்குக. கூரை ஒழுக்கைப் பாருங்கள். உடைந்த மணி, சுருங்கிய மணி, நிறம் மாறிய மணி ஆகியவற்றைப் புடைத்து நீக்குக; நஞ்சு பெரும்பாலும் அவற்றிலேயே உள்ளது. அவ்வாறு நீக்கியதை எவ்விலங்குக்குங் கொடாது புதைத்து விடுக.

தீன் வாங்குவோர் செய்ய வேண்டியவை

நம் நாட்டில் விலங்குத் தீன் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்படுகின்றது. ஆயினும் கடையிலும் வீட்டிலும் தீன் கெடாமற் காப்பது வாங்குவோரின் கடமையே.

பொதி கிழியாததாகவும், நனைந்து உலர்ந்த கறை இல்லாததாகவும், உற்பத்தி நாளும் முடிவு நாளும் தொகுதி இலக்கமும் தெளிவாக உள்ளதாகவும் பார்த்து வாங்குக. பெரிய பொதியைத் திறந்து நிறுத்து விற்கும் தீனில் இவ்விபரம் எதுவும் வாங்குவோரின் கைக்கு வாராது. குற்றம் நேர்ந்தால் எப்பொதி என்று கூறவும் இயலாது. ஏறத்தாழ ஒரு மாதத்துள் முடியக்கூடிய அளவே வாங்குதல் நன்று.

தீனை வேறொரு தகரத்திற் கொட்டி விட்டுப் பொதியை எறிதல் வழக்கம். அவ்வாறு செய்யாது, பொதியோடு மூடியுள்ள தகரத்துள் வைத்து வாயைச் சுருட்டி மூடுக. பழைய தீனின்மேற் புதிய தீனைக் கொட்டற்க. தீனைச் சமையலறைக்கு வெளியே வைக்க. தட்டைத் தினமும் கழுவுக. தீனைத் தொட்டபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

கட்டி பிடித்த தீனும், புழுங்கல் மணம் வீசுந் தீனும், வழமையாக விரும்பி உண்ணும் நாய் முகர்ந்துவிட்டு விலகும் தீனும் ஐயத்துக்குரியன. நாய் விலகினால் அதனைப் பட்டினி போட்டு உண்பிக்க முயலற்க.

பொதித் தீனுக்கு அஞ்சி வீட்டுச் சோற்றுக்குத் திரும்புவோரும் இதனை மறத்தலாகாது. பூஞ்சணம் பிடித்த பாணும், நாட்பட்ட பிண்ணாக்குங் கலந்த வீட்டுணவு பொதித் தீனிலும் பாதுகாப்பானதன்று. வெங்காயம் நாய்க்கு ஆகாது. நல்ல அரிசிச் சோறும், முள் நீக்கிய மீனும், அவித்த மரக்கறியும் கொடுக்கலாம்.

நோய்க்குறிகளும் உடன் செய்ய வேண்டியவையும்

பூஞ்சண நஞ்சு ஈரலைத் தாக்கும். உணவை வெறுத்தல், சோர்வு, வாந்தி, கண்ணின் வெள்ளையும் முரசும் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், மலத்தில் இரத்தம் ஆகியன அதன் குறிகள். சிறுநீரகம் கெட்டால் முதலில் மிகுதியாக நீர் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும்; பின் வாந்தியும் சோர்வும் வரும்.

இக்குறிகள் காணப்படின் அத்தீனை உடனே நிறுத்தி, மிருக வைத்தியரிடம் நாயைக் கொண்டு செல்க. மஞ்சள் காணும்வரை காத்திருத்தல் காலங் கடத்தலாகும். எஞ்சிய தீனை எறியாது பொதியோடும் தொகுதி இலக்கத்தோடும் வேறாகக் கட்டி வைத்து வைத்தியருக்குக் காட்டுக. வாங்கிய கடைக்கும் அறிவிக்க. அதனைக் கோழிக்கோ மாட்டுக்கோ மாற்றிக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. காயாத தானியத்தை மூடையில் இடற்க.
2. பூஞ்சணம் கண்ட தானியத்தை விற்கவும் வேண்டாம்; விலங்குக்குக் கொடுக்கவும் வேண்டாம்.
3. வேகவைத்தலால் நஞ்சு நீங்கும் என்று நம்பற்க.
4. தீன் முடியும்வரை பொதியையும் தொகுதி இலக்கத்தையும் பேணுக.
5. நாய் தீனை மறுத்தால் தீனையே முதலில் ஐயுறுக.

தானியத்தின் ஈரத்தை அளந்தறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவார்களாக. நம் வயலைக் காக்கும் நாய் நாம் இட்டதை ஐயமின்றி உண்கின்றது. அந்நம்பிக்கைக்கு உரியவர்களாக நாம் இருத்தல் களத்திலே ஒரு நாள் கூடுதலாகக் காய வைப்பதில் தொடங்குகின்றது.